முகாம் அல்ல, மருந்து

சில மாதங்களுக்கு முன்னர் வடபகுதியிலிருந்து ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது; ஹெரோயினுக்கு அடிமை. அறையில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். கோயிலுக்கு நேர்ந்தார்கள். கடைசியில் பொலிஸிலும் ஒப்படைத்தார்கள். விளக்கமறியலிலிருந்து திரும்பிய இரண்டாம் நாளே பையன் பழைய இடத்துக்குப் போய்விட்டான். “ஐயா, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள். இவனை எங்கை கொண்டுபோனால் மருந்து குடுப்பினம்?” என்று கேட்டார்.

முகாம்களின் பெயர்கள் எனக்குத் தெரிந்திருந்தன. சிறைகளின் பெயர்களும் தெரிந்திருந்தன. அவரது ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், இந்நோய்க்கு மருந்து தரும் ஒரு கிளினிக்கின் பெயரை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இந்நோய்க்கு மருந்து இல்லையா? இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் ஹெரோயின் அடிமைகளுக்கு மெதடோன் கொடுத்துப் பயன் கண்டனர். பின்னர் புப்ரினோர்பின் வந்தது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. புப்ரினோர்பினைச் சாதாரண குடும்ப வைத்தியர்களும் எழுதிக் கொடுக்கலாம் என்று பிரான்ஸ் 1990களின் நடுவில் அனுமதித்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அந்நாட்டில் அளவுமீறிய பாவனையால் நேர்ந்த மரணங்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. நமது அயல்நாடான இந்தியாவிலும் அரசாங்க நிலையங்களில் இம்மருந்து பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வருகிறது.

“ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா?” என்று நம்மவர் உடனே கேட்பர். படித்தவர்களும் இதையே கேட்கின்றனர். ஹெரோயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடல் நடுங்கும், வயிறு கலங்கும், எலும்புக்குள் வலிக்கும். அந்த வேதனைக்கு அஞ்சித்தான் அவன் தாயின் சங்கிலியைத் திருடுகிறான். வாயால் அருந்தும் மெதடோன் ஒரு நாள் முழுவதும் அந்த வேதனையைத் தடுக்கும். நாவின் கீழ் வைக்கும் புப்ரினோர்பினின் வீரியம் ஓரெல்லைக்கு மேல் ஏறுவதில்லை. சரியான அளவில் எடுப்பவன் மயங்கிக் கிடப்பதில்லை; வேலைக்குப் போகிறான். பிறெசருக்கு ஆண்டுக்கணக்கில் குளிசை போடுபவரை நாம் குளிசைக்கு அடிமை என்பதில்லையே!

2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்வது இது: மெதடோன் பெறும் காலத்தில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேர் இறக்கின்றனர். அம்மருந்தை நிறுத்திய பின்னர் அத்தொகை 36 ஆகிறது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

நமது அரசு தெரிந்துகொண்ட வழியோ வேறு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப இடமளித்தது. போருக்குப் பின்னர் முன்னாள் போராளிகளுக்குப் ‘புனர்வாழ்வு’ அளித்த அதே ஆணையாளர் நாயகத்தின் பணியகம் போதைக்கு அடிமையானவர்களையும் பொறுப்பேற்றது. அந்தச் சொல்லின் பொருளைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் இறந்ததையடுத்து மோதல் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கிப் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். நோயாளியிலிருந்து ஓடித் தப்புகிறவனை நாம் கண்டதுண்டா? கைதிதான் ஓடுகிறான்.

முகாம் வெறுமனே பயனற்றது என்றுகூட ஆறுதல் கொள்ள முடியாது, அது ஆபத்தானது. மருந்தின்றி மாதக்கணக்கில் அடைக்கப்பட்டவனின் உடல் ஹெரோயினைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுவிடலாம். விடுதலையான முதற் சில வாரங்களே மிகக் கொடிய காலம் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. பிள்ளை திருந்தி வந்தான் என்று வீடு மகிழ்ந்திருக்கும் நாட்கள் அவை.

இம்மருந்துகள் சர்வரோக நிவாரணியல்ல. ‘ஐஸ்’ போதைக்கு இவை உதவா. கண்காணிப்பின்றிக் கொடுத்தால் சந்தைக்குக் கசியும். ஆகவேதான் தாதியின் கண்முன்னே நாளாந்தம் அருந்தச் செய்யும் முறை இருக்கிறது. காசநோய்க்கு நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலைதான் இது. புதிதாக ஒரு கட்டடங்கூடத் தேவையில்லை.

எனவே கோரிக்கை எளியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஓர் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் இம்மருந்து கிடைக்க வேண்டும். வருபவனின் பெயர் பொலிஸுக்குப் போகக் கூடாது. சிறைக்குள்ளும் சிகிச்சை தொடர வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் உங்கள் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் வைத்தியர் இம்மருந்தை எழுதித் தருவார். ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் “நாலு அடி போட்டால் திருந்துவான்” என்று தொலைபேசியில் புத்தி சொல்லாதீர்கள். கோபுரத்துக்குப் பணம் சேர்க்கும் ஊர்ச் சங்கங்கள், ஊர் வைத்தியசாலையில் இந்த மருந்து ஏன் இல்லை என்று சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதமாவது எழுதட்டும். அந்தத் தந்தை கேட்டது முகாமுக்கு வழியல்ல. மருந்துக்கு ஒரு முகவரி.