வாசற்படியில் நின்றுவிட்ட சட்டம்

ஏழு வயது! பால்பல் விழுந்து முளைக்கும் பருவம். அந்த வயதுக் குழந்தை ஆலைக்குள் சென்று நாளொன்றுக்கு 9 மணி நேரம் உழைக்கலாம் என்று இந்த நாட்டிலே சட்டம் சொல்லிற்று. 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் அது. அதுவும் 100 பேருக்குக் குறையாத, இயந்திரம் ஓடும் ஆலைகளுக்கு மட்டும். தேயிலை, காப்பித் தோட்டங்களின் பக்கம் அது எட்டிப் பார்க்கவே இல்லை.

குழந்தைகள்மீது வெள்ளை ஆட்சிக்குக் கருணை பிறந்துவிட்டதா? பம்பாய் ஆலைகள் தங்கள் சந்தையைப் பறிக்கின்றனவே என்று லங்காஷயர் முதலாளிகள் எழுப்பிய கூச்சலும் அச்சட்டத்தின் பின்னே இருந்தது. கருணை பாதி, கணக்குப் பாதி!

1891-ல் ஏழு ஒன்பதாயிற்று. 1919-ல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, ஆலை வேலைக்கு 14 வயது ஆகவேண்டும் என்று விதித்தது. இந்தியக் குழந்தைக்கு மட்டும் 12 போதும் என்று தனி விதி எழுதிற்று. எலும்பிலே வேறுபாடா? பசியிலே வேறுபாடா? அந்தப் பன்னிரண்டு இங்கே 1922-ல் சட்டமாயிற்று. பதினான்கு வந்தது விடுதலைக்குப் பிறகு, 1948-ல். ஏழிலிருந்து பதினான்கு வரை ஏற 67 ஆண்டுகள்!

வயது ஏறியது, உண்மை. ஆனால் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு கதவு திறந்தே கிடந்தது. அதன் பெயர் வீடு. 1966-ன் பீடித் தொழிலாளர் சட்டம் பீடிக் கூடங்களில் குழந்தைகள் கூடாதென்றது. தன் வீட்டில் தானே தொழில் செய்பவரை விட்டுவிட்டது. 1986-ன் சட்டம் பீடி, தீப்பெட்டித் தொழில்களைத் தடைப்பட்டியலில் வைத்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்குத் தந்தது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், ஆபத்தான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு! ஆனால் வேலை வீட்டுக்குள் நடந்தால் முதலாளி யார்? பெற்ற தாயா?

2016-ல் 14 வயதுக்குட்பட்டோருக்கு எல்லா வேலையும் தடை என்றார்கள். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் சேர்த்தார்கள். குடும்பம் என்றால் தாய் தந்தை மட்டுமல்ல. சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி எல்லோருந்தான். ஆபத்தானவற்றுக்குப் பட்டியல் உண்டு. பட்டியலைக் கையில் ஏந்தி, இரவு விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தேடி எந்த அதிகாரி வருவார்?

“அப்பன் தொழிலைப் பிள்ளை கற்பது தவறா?” என்று கேட்பார் உளர். கற்பது வேறு, கணக்கு முடிப்பது வேறு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. அது வயிற்றுக்குப் போதாதபோது, ஆயிரத்தை முடிக்கப் பிள்ளையின் விரலும் வேண்டியிருக்கிறது. சட்டம் நுழையாத வீட்டுக்குள் ஏஜெண்டின் இலையும் தூளும் நுழைகின்றன. சுற்றிய பீடி வெளியே போகிறது. லாபமும் வெளியேதான் போகிறது!

சோறு போட்டால் பள்ளிக்கூடம் நிறையும் என்பதைத் தமிழகம் கண்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரம், தீப்பெட்டித் தொழில் மலிந்த கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர்தான். பிள்ளைக்குப் பள்ளியில் சோறு. பெற்றவர்க்கு நியாயக் கூலி. இரண்டும் சேர்ந்தால் எந்தத் தாய் பிள்ளையை முறத்தின் முன் உட்கார வைப்பாள்?

ஆகவே நாம் கேட்பது இவை: குடும்ப விலக்கு நீங்கவேண்டும். வீட்டுக்கு வேலை அனுப்புகிற முதலாளியே அந்த வீட்டு உழைப்புக்குப் பொறுப்பாகவேண்டும். பெரியவர் ஒருவர் கைவேலையால் குடும்பம் பிழைக்கும் அளவுக்குக் கூலி உயரவேண்டும்.

2011 குடிக்கணக்கில் இந்தியாவில் வேலை செய்த 5 முதல் 14 வயதுக் குழந்தைகள் ஒரு கோடிக்கு மேல். தோழர்களே! அடுத்த கூலிப் பேச்சுக்குப் போகும்போது கோரிக்கைத் தாளில் அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சட்டம் வாசற்படியில் நின்றுவிட்டது. சங்கம் உள்ளே போகட்டும்!