வீட்டுக் கணக்குக்குச் செயலியா, விரிதாளா?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் முன்னோர். எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் இப்போதுள்ள கேள்வி. வீட்டு வரவு செலவைத் தானே பிரித்துக் காட்டுவதாகச் சொல்லும் கைபேசிச் செயலிகள் இன்று எத்தனையோ வந்துவிட்டன. தாராவியில் ஒரு தோல் பட்டறைக்குக் கணக்கு எழுதுபவன் நான். அதனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், "அண்ணாச்சி, எந்த ஆப் நல்லது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் செயலியை விட, எக்செல் போன்ற விரிதாளில் நாமே கட்டம் போட்டு எழுதும் கணக்குதான் பொருந்தும் என்பது என் கருத்து.

முதற்காரணம், வரவு. பெரும்பாலான செயலிகள் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தாராவியிலோ பலருக்கு வாரக்கூலி; தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று பட்டுவாடா. தீபாவளிக்கு முன் கை நிறையும். மழைக்காலத்தில் கை கடிக்கும். மாதத்துக்கு இவ்வளவு செலவு என்று வரையறுத்துவிட்டு, அதைத் தாண்டினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும் செயலியால் இவர்களுக்கு என்ன பயன்? இவர்களுக்கு வேண்டியது வாரக் கணக்கு. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், மே மாதத் திருநெல்வேலிப் பயணம், பண்டிகைத் துணிமணி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 36,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 52 வாரத்தால் வகுத்தால், வாரம் ஏறத்தாழ 700 ரூபாய் தனியே எடுத்து வைக்கவேண்டும். இதை நம் விரிதாளில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

இரண்டாவது, நம் வீடே தொழிற்கூடம். விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். விற்கும் இட்லிக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அரிசி ஒரே கடையிலிருந்துதான் வருகிறது. பணமும் ஒரே கைபேசியிலிருந்துதான் போகிறது. செயலி இரண்டையும் 'மளிகை' என்று ஒரே கணக்கில் எழுதிவிடும். முதல் எது, குடும்பச் செலவு எது என்று தெரியாத வீட்டில், தொழில் லாபமா நட்டமா என்பதும் தெரியாது. விரிதாளில் 'தொழில்' ஒரு பக்கம், 'வீடு' ஒரு பக்கம் என்று பிரித்தால் இந்தக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, சீட்டு. 20 பேர் சேர்ந்து மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 மாதம் கட்டும் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சீட்டை எடுக்கும்வரை கட்டுகிற பணம் சேமிப்பு. ஐந்தாம் மாதம் 4,000 ரூபாய் கழிவு போக 16,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டால், மீதி 15 மாதம் கட்டுவது கடன். கட்டும் தொகை என்னவோ ஏறக்குறைய அதே தொகைதான். அதன் குணம் மாறிவிடுகிறது. செயலிக்கு இரண்டும் வெறும் செலவு! அடகு வைத்த நகைக்கு வட்டி, உறவுக்காரரிடம் வாங்கிய கைமாற்று, ஊருக்குக் கொடுத்தனுப்பிய ரொக்கம் ஆகியவையும் அப்படியே. யு.பி.ஐ. 2016-இல் வந்தபின் டீக்கடைப் பணம்கூடக் கைபேசி வழியே போகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் கைக்குக் கை மாறும் பணம். அது வங்கிக் குறுஞ்செய்தியில் வராது.

விரிதாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1978-இல் டான் பிரிக்லின் என்ற ஹார்வர்டு மாணவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது: கரும்பலகையில் போட்ட கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எண்களும் தாமாகவே மாறினால் எப்படி இருக்கும்? அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. எக்செல் உள்ளிட்ட எல்லா விரிதாள்களும் அதன் வழிவந்தவையே. 'இப்படி நடந்தால்?' என்று கேட்டுப் பார்ப்பதற்குப் பிறந்த கருவி அது. அரிசி கிலோவுக்கு 3 ரூபாய் ஏறினால் நாள்தோறும் 20 கிலோ போடும் வீட்டுக்கு மாதம் 1,800 ரூபாய் கூடும். அந்த மாதம் சீட்டுக் கட்ட முடியுமா? விலை ஏறுமுன்பே இதைக் கேட்டுப் பார்க்கலாம். செலவுச் செயலிகள் பலவும் போன பணத்துக்குத்தான் கணக்குச் சொல்கின்றன.

செயலியின் ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனமே தன் 'மணி' மென்பொருள் விற்பனையை 2009-இல் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த 'மின்ட்' செயலி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. நம் ஐந்தாண்டுக் கணக்கு அடுத்தவர் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அவர் கடையைக் கட்டும் நாளில் நாம் அலைய வேண்டும். இலவசமாகச் செலவுக் கணக்குப் பார்த்துத் தருகிறோம் என்று தொடங்கி, கடன் வேண்டுமா என்று கேட்பதில் முடியும் செயலிகளும் உண்டு. கடன் செயலிகள் நம் தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் எடுக்கக்கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கியே விதி வகுக்க வேண்டி வந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாதச் சம்பளம் வாங்கி, எல்லாச் செலவையும் வங்கி வழியே செய்யும் அன்பர்களுக்குச் செயலி வசதியாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. கணக்கைக் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ள விடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "தினமும் கையால் எழுத யாருக்கு நேரம்?" என்று கேட்பீர்கள். பத்து ரூபாயை எழுதும்போதுதான் அது போனது மனத்தில் உறைக்கும். அந்த உறுத்தலே பாதிச் சிக்கனம்.

கணிப்பொறி வேண்டும் என்பதில்லை. கூகுள் ஷீட்ஸ் கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. லிப்ரே ஆபீஸுக்கும் காசு இல்லை. வீடு, தொழில், சீட்டும் கடனும், ஆண்டுச் செலவு என நான்கு பக்கம் போதும். தலைப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள். அதுவும் முடியாதவர்கள் நாற்பது பக்க நோட்டில் இதே நான்கு பிரிவைப் போடலாம்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. செயலி பெரும்பாலும் ஒருவர் கைபேசியில், ஒருவருடைய கடவுச்சொல்லுக்குள் அடைந்து கிடக்கும். பல வீடுகளில் அந்த ஒருவர் ஆண்பிள்ளை. அடுப்படியையும் சீட்டையும் சமாளிப்பவரோ பெண்பிள்ளை. கணவர் வாங்கிய கடன், கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் மனைவிக்குத் தெரிகிறது. விரிதாளை இருவர் கைபேசியிலும் திறக்கலாம். படிக்கிற மகளும் பார்க்கலாம். கணவனும் மனைவியும் பட்டுவாடா நாளில் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற கணக்கே குடும்பக் கணக்கு. எந்த மென்பொருளை எடுத்தாலும், அந்த இருவருக்கும் அது புரிகிறதா என்று முதலில் கேளுங்கள்.