பொஸ்ரன் நகருக்கு ஒரு பயணத் திட்டம்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை வேளை, எமது அயலில் வசிக்கும் ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் ஒரு கொப்பியைக் கையிற் பிடித்தவாறு எமது வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்தார். அவருடைய மனைவியாரும் உடன் வந்திருந்தார். அவர்களுடைய ஒரே மகன் ஒரு காலத்தில் எம்மிடம் சரித்திரம் பயின்றவன். இன்று ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பொறியியலாளனாகப் பணியாற்றுகின்றான். ஊரை விட்டுச் சென்று ஒன்பது ஆண்டுகளாகியும் அவன் ஒரு தடவையேனும் திரும்பி வரவில்லை. இப்பொழுது பெற்றோரை இரண்டு வார காலத்துக்குத் தன்னிடம் அழைத்திருந்தான். ஆனால், அவனுக்குக் கிடைத்த விடுமுறையோ மூன்றே நாட்கள்.

"மாஸ்ரர், சரித்திரம் படிப்பிக்கிறவர் நீங்கள். இந்த மூன்று நாட்களில் எதை எதைப் பார்க்க வேண்டுமென்று ஒழுங்குபடுத்தித் தாருங்கள்" என்றார் தபாலதிபர். கொப்பியை விரித்துப் பார்த்தோம். 31 இடங்களின் பெயர்கள் இலக்கமிட்டு எழுதப்பட்டிருந்தன.

நாம் அந்நகரை நேரிற் கண்டவரல்லோம். ஆயினும், அமெரிக்க சுதந்திரப் போரை ஆண்டு தோறும் வகுப்பிற் கற்பித்து வருபவர் என்ற துணிவினால் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டோம். ஒரு நகரப் படத்தையும் சில நூல்களையும் வைத்துக்கொண்டு மூன்று மாலை நேரங்களைச் செலவிட்டோம். அப்போது கற்றுக்கொண்டவை பிறர்க்கும் பயன்படுமென்றே இவ்வாரம் இதனை எழுதுகின்றோம்.

பொஸ்ரன் நகரம் 1630ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பியூரித்தன் சமயத்தவரால் நிறுவப்பட்டது. அமெரிக்க சுதந்திரப் போராட்டத்தின் தொடக்க நிகழ்ச்சிகள் பல இங்கேதான் நடைபெற்றன. அவ்விடங்களுட் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பது பயணிகளுக்கு வாய்த்த நல்லூழ் எனலாம். 1951ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்கோபீல்ட் என்ற பத்திரிகையாளர், இவ்விடங்களையெல்லாம் ஒரே நடைபாதையாக இணைக்கலாமே என்று யோசனை கூறினார். அதன் பயனாக உருவானதே 'சுதந்திரப் பாதை'. சுமார் இரண்டரை மைல் நீளமான இப்பாதையிற் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த 16 இடங்கள் உள்ளன. நடைபாதையிலே செங்கற்களாலும் செந்நிற வர்ணத்தாலும் இடப்பட்ட ஒரு கோடு வழிகாட்டுகின்றது. அக்கோட்டைத் தொடர்ந்து நடப்பவர் வழி தவறார்; எவரிடமும் வழி கேட்க வேண்டுவதுமில்லை.

இப்பாதை பொஸ்ரன் கொமன் என்னும் பொதுப் பூங்காவில் ஆரம்பமாகின்றது. 1634ஆம் ஆண்டில் ஏற்பட்ட இது அந்நாட்டின் பொதுப் பூங்காக்களுள் மிகப் பழமையானது. 1830ஆம் ஆண்டு வரை ஊரவரின் பசுக்கள் இங்கே மேய்ந்து வந்தன என்று அறியும்போது, நமது கிராமத்து மேய்ச்சற்றரை நினைவுக்கு வருகின்றது. அங்கிருந்து சற்றுத் தூரத்திலுள்ள கிரானரி மயானத்தில் சாமுவேல் அடம்ஸ், ஜோன் ஹன்கொக், போல் றிவியர் முதலிய தேசத் தலைவர்கள் துயில்கின்றனர். 1635ஆம் ஆண்டில் தொடங்கிய இலத்தீன் பாடசாலை முதலில் இருந்த இடமும் இப்பாதையிலேயே உள்ளது. பெஞ்சமின் பிராங்கிளின் சிறுவனாகப் பயின்ற பாடசாலை அது. அவருடைய சிலையையும் அங்கே காணலாம்.

1713ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பழைய அரசாங்க மாளிகையின் எதிரே, 1770ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி ஆங்கிலப் படையினர் மக்கள் மீது சுட்டதில் ஐவர் மாண்டனர். ஆறு ஆண்டுகள் கழிந்து 1776ஆம் ஆண்டு யூலை 18ஆம் திகதி, அதே மாளிகையின் மேன்மாடத்திலிருந்து சுதந்திரப் பிரகடனம் மக்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கீழே குருதி சிந்திய இடம். மேலே விடுதலை முழங்கிய இடம். இரண்டையும் ஒருவர் நின்ற நிலையிலேயே காணலாம்.

தேயிலைச் சம்பவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தபாலதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடலிற் கொட்டியது நம்முடைய தேயிலை அல்லவா?" என்று கேட்டார். மாணவர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். அது தவறு. 1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி, பழைய தெற்குக் கூட்ட மண்டபத்தில் சுமார் 5,000 மக்கள் கூடினர். அன்றிரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை துறைமுகத்து நீரிற் கொட்டப்பட்டது. அது கிழக்கிந்தியக் கம்பனியார் சீன தேசத்தில் வாங்கிய தேயிலை. இலங்கையில் ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டது 1867ஆம் ஆண்டில், அஃதாவது அதற்கு 94 ஆண்டுகளின் பின்னரேயாகும். தபாலதிபர் சிறிது ஏமாற்றமடைந்தாராயினும் கொப்பியிற் குறித்துக்கொண்டார்.

பாதையின் வடபாகத்தில் 1680ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட போல் றிவியரின் மர வீடும், 1723ஆம் ஆண்டில் எழுந்த பழைய வடக்குத் தேவாலயமும் உள்ளன. 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி இரவு, ஆங்கிலப் படை நீர்மார்க்கமாகப் புறப்படுகின்றது என்பதை உணர்த்த இக்கோபுரத்தில் இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன. மறுநாட் காலையிற் போர் மூண்டது. அப்பாலே பாலத்தைக் கடந்தால் சாள்ஸ்ரவுண் பகுதி. 1797ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டு இன்றும் கடற்படையின் சேவைப் பட்டியலில் இருக்கும் 'கொன்ஸ்ரிற்றியூசன்' என்ற பாய்க்கப்பல் அங்கே நிற்கின்றது. பாதையின் முடிவில் பங்கர் ஹில் நினைவுத் தூண் 221 அடி உயரத்துக்கு ஓங்கி நிற்கின்றது.

முதல் நாளுக்கு இவையனைத்தையும் குறித்தோம். இரண்டாம் நாளுக்கு ஹாவாட் பல்கலைக்கழகமும் நுண்கலை நூதனசாலையும். மூன்றாம் நாளுக்கு எஞ்சிய இடங்கள் யாவும். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒரு நாழிகையும் வீணாகாதபடி வகுப்பு நேரசூசி போல வரைந்து, பெருமிதத்தோடு வாசித்துக் காட்டினோம்.

அதுவரை வாய் திறவாதிருந்த அம்மையார், "தம்பி, அந்தத் தூணில் எத்தனை படி?" என்று கேட்டார்.

"294 படிகள் அம்மா" என்றோம்.

"லிப்ற் இருக்கிறதோ?"

இல்லை. அம்மையாருக்கு முழங்கால் வருத்தம் உண்டென்பது ஊரறிந்த விடயம். வெள்ளிக்கிழமைகளிற் கோயில் வாசற்படியில் ஏறும்போது அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாமே பலமுறை கண்டிருக்கின்றோம். அவர் அத்துடன் நிறுத்தினாரல்லர். "என்ரை பிள்ளை சமைத்துச் சாப்பிடுகிற அடுப்பை நான் பார்க்க வேண்டும். அதை எந்த நாளில் எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்.

எமக்கு விடை கூற இயலவில்லை. இடங்களைக் கணக்கிட்ட நாம், போகிறவர் யார், எதற்காகப் போகின்றார் என்பதைக் கணக்கிற் சேர்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகளின் பின் மகனைக் காணப் போகும் தாய்க்கு, அவனோடு அமர்ந்து பேச ஒரு மணித்தியாலத்தையும் நாம் விட்டு வைக்கவில்லை. தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம்.

இம்முறை முதல் நாட் பயணம் பூங்காவில் ஆரம்பித்துப் பழைய அரசாங்க மாளிகையில் நண்பகலுக்கு ஒரு தரிப்பு. பின்னேரம் போல் றிவியர் வீடும் தேவாலயமும் மாத்திரம். கப்பலைக் காண விரும்பினால் துறைமுகத்தைக் கடக்கும் பயணிகள் படகிலே போய்வரலாம்; நடையும் மிச்சம், கடற்காற்றும் வாங்கலாம். தூணைக் கீழே நின்று பார்ப்பதே போதுமானது.

இரண்டாம் நாளிற் காலையில் ஹாவாட். 1636ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம் சாள்ஸ் நதிக்கு அப்பால், கேம்பிரிட்ஜ் நகரில் உள்ளது. அங்குள்ள ஜோன் ஹாவாட் சிலையின் கீழ், அவரே தாபகர் என்றும் ஆண்டு 1638 என்றும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவர் தாபகரல்லர், கொடையாளர், ஆண்டும் பிழை, முகமும் அவருடையதன்று, அவருடைய உருவப்படம் எதுவும் இல்லாமையாற் சிற்பி வேறொருவரைப் பார்த்துச் செதுக்கியது. கல்லில் எழுதியதெல்லாம் மெய்யன்று என்பதற்கு மாணவர்க்கு இதனிலும் சிறந்த பாடம் வேண்டுமோ?

யாழ்ப்பாணத்தவர்க்கு அங்கே வேறொரு உறவும் உண்டு. 1816ஆம் ஆண்டில் நமது குடாநாட்டுக்கு வந்த அமெரிக்க மிசனரிமாரை அனுப்பிய சங்கம் பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியவர்களும் அவர்களே. அவர்களுடைய சமய நோக்கம் நமக்கு உடன்பாடன்று; ஆயினும், சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பயின்ற கலாசாலை அது என்பதை மறத்தல் தகாது. அச்சங்கத்தின் பழைய கடிதங்களும் ஏடுகளும் இன்று ஹாவாட்டின் ஹூட்டன் நூலகத்திலே பாதுகாக்கப்படுகின்றன.

பின்னேரம் நுண்கலை நூதனசாலை. கொழும்பிலே 1877ஆம் ஆண்டிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1917ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டில் மறையும் வரை பணிபுரிந்த இடம் இது. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய அவர் சேகரித்த இராசபுத்திர ஓவியங்கள் இங்கேயே சேர்ந்தன. சாஞ்சியிலிருந்து வந்த யட்சி உருவமும் இங்குள்ளது. இந்தியக் கலையின் உட்பொருளை மேல்நாட்டார்க்கு உணர்த்திய நூல்கள் பல இக்கட்டிடத்திற் பணியாற்றிய காலத்தில் அவர் எழுதியவையே. வியப்பென்னவெனில், தபாலதிபரின் 31 இடங்களுள் இதன் பெயர் இருக்கவில்லை!

மூன்றாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டோம்.

பயணம் போவோர் கவனிக்க வேண்டிய சில விடயங்களையும் கூறுவோம். பொஸ்ரன் நேரம் கோடை காலத்தில் இலங்கை நேரத்திலும் ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியது. ஆகவே, முதலிரண்டு நாட்களும் நித்திரை குழம்பும். அந்நாட்களில் எதனையும் பார்க்க முயலாதீர்கள். மாரியிற் பனி கொட்டும். புரட்டாசி, ஐப்பசி மாதங்களே உகந்தவை, அப்போது மரங்களின் இலைகள் சிவந்தும் மஞ்சளித்தும் நிற்கும். புதுச் சப்பாத்து அணிந்து நெடுந்தூரம் நடக்கலாகாது. பூங்காவுக்கும் மயானங்களுக்கும் கட்டணமில்லை. பழைய மாளிகை, றிவியர் வீடு முதலியவற்றுக்குக் கட்டணம் உண்டு. நூதனசாலை எந்தக் கிழமையில் மூடப்படும் என்பதை முன்னரே விசாரித்தறிக. நகருக்குள் மோட்டார் வண்டி வேண்டியதில்லை. அந்நாட்டின் முதலாவது சுரங்கப் புகையிரதம் 1897ஆம் ஆண்டில் ஓடத்தொடங்கிய நகரமல்லவா அது!

ஐப்பசி பிறந்து சில நாட்களில் இருவரும் ஊர் திரும்பி எம்மைக் காண வந்தனர். கொப்பியிலே ஒன்பது இடங்களுக்கு மாத்திரம் சரி அடையாளம் இடப்பட்டிருந்தது. குமாரசுவாமி பணிபுரிந்த கூடத்தில் ஒரு மணித்தியாலம் நின்றதைத் தபாலதிபர் உணர்ச்சியுடன் விபரித்தார். அம்மையாருக்கோ செந்நிறக் கோடு மிகவும் பிடித்துவிட்டதாம். "எனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான்தான் முன்னுக்கு நடந்தேன்" என்று சிரித்தார்.

"மூன்றாம் நாள் எங்கே போனீர்கள் அம்மா?" என்று கேட்டோம்.

"ஓரிடமும் போகவில்லை தம்பி. நான் புட்டு அவித்தேன். பிள்ளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிவரை நித்திரை கொண்டான். நான் பக்கத்தில் இருந்தேன்."

தபாலதிபர் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

தூர தேசம் போக எண்ணும் வாசகர்களே, காண வேண்டிய இடங்களை நன்கு படித்தறிந்து செல்லுங்கள்; படியாமற் போவோருக்குப் பழைய மாளிகையும் வெறுஞ் சுவரே. ஆனால் திட்டம் வரையும்போது, உடன் வருபவரின் முழங்காலையும் மனத்தையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளையேனும் எழுதாமல் விடுங்கள்.