கல்லாவில் யார் உட்காருவது?

'வேலை கேட்டு நிற்காதே, வேலை கொடுப்பவனாக மாறு' என்று எங்கள் பிள்ளைகளுக்கு உபதேசம் நடக்கிறது. மேடையில் சொல்கிறார்கள், வங்கியில் சொல்கிறார்கள், இப்போது நம்மவர்களில் சிலரும் சேர்ந்து சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு இடஒதுக்கீட்டைப் பிடித்துத் தொங்குவாய், சின்னதாய் ஒரு கடை போடு, சந்தைக்குச் சாதி கிடையாது என்கிறார்கள்.

சந்தைக்குச் சாதி கிடையாதாம்! தமிழ்நாட்டுச் சாலைகளில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். அய்யர் காபி, கவுண்டர் மெஸ், ரெட்டியார் மெஸ், தேவர் ஓட்டல். சாதியை எழுதினால் கூட்டம் வருகிறது. அதுதான் அவர்கள் கைக்காசு போடாமல் பெற்ற முதல். பறையர் மெஸ், சக்கிலியர் காபி என்று நாம் ஒரு பலகை மாட்டிப் பார்ப்போமா? நாம் மட்டும் சாமி பேரையோ பூப் பேரையோ வைத்துக்கொண்டு ஒளிந்து வியாபாரம் செய்ய வேண்டும்.

என் தம்பி கேட்டரிங் படித்தவன். தாட்கோ கடனுக்கு அலைந்து, பணமும் வந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீக்கடை போட இடம் கேட்டுப் போனோம். இடத்துக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். "எந்தத் தெருப்பா?" என்றார். சொன்னோம். "செல்போன் கடை, ஜெராக்ஸ் கடைன்னா பரவால்ல தம்பி. டீக்கடைன்னா நாலு பேரு ஒரு மாதிரி நெனப்பாங்கல்ல" என்றார். கடைசியில் காலனி முனையிலேயே போட்டான். ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தன் வரவில்லை. வந்ததெல்லாம் நம்ம கூலிச் சனம். அதுக எல்லாம் கடன் சொல்லித்தான் குடிக்கும், பாவம், அதுகளிடம் ஏது காசு? ஆறு மாசத்தில் கடை மூடியாச்சு. வட்டி மட்டும் மூடவில்லை.

இப்போது அவன் திருப்பூரில் ஒரு ஓட்டலில் மாஸ்டர். எங்க ஊர்க்காரன் பனியன் கம்பெனி வேலையாய் அங்கே வந்தால் அவன் போட்ட புரோட்டாவைத்தான் தின்றுவிட்டுப் போகிறான். அடுப்படியில் யார் கை என்று அவனுக்குத் தெரியாது. நம் உழைப்பு தீட்டில்லை. நாம் கல்லாவில் உட்கார்வதுதான் தீட்டு.

இது பட்டிக்காட்டுப் புத்தி, படித்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்த அம்பேத்கர், 1917இல் பரோடா வேலையை விட்டு பம்பாய் திரும்பியபின், பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் ஆள் வரத்து நின்றது. தொழில் முடிந்தது. அவருக்கா திறமை போதவில்லை?

சரி, தனியார் கம்பெனிக்கு மனுப் போடலாமே என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு. ஆளைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. பெயரே போதுமானதாக இருந்தது.

அரசுச் சமையல்கட்டும் விதிவிலக்கல்ல. 2018இல் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதிப் பெற்றோர் மறித்தார்கள். அதிகாரிகள் மறித்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் மாற்றல் ரத்தானது. சாக்கடைக்குள் இறங்க மட்டும் நம்மிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, நேர்காணல் வைப்பதில்லை.

கடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1974இலிருந்து தாட்கோ இருக்கிறது. 2023இல் அம்பேத்கர் பெயரிலேயே தொழில்முனைவோர் திட்டம் வந்தது, 35 விழுக்காடு மானியம். வரட்டும், அது நம் உரிமை. ஆனால் கடன் கொடுத்தவன் வாடிக்கையாளரைக் கொடுத்தானா? கடைவீதியில் இடம் கொடுத்தானா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றம் என்கிறது. "எனக்கு டீ குடிக்கிற பழக்கமில்லீங்க" என்று ஊரே சொன்னால் எந்த ஸ்டேஷனில் எழுதுவான்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது கடனோடு நிற்கக் கூடாது. பேருந்து நிலையங்களிலும் உள்ளாட்சி வணிக வளாகங்களிலும் நம் பங்குக் கடைகள் நம் கைக்கு வரவேண்டும், பினாமிக்கு அல்ல. ஊர் வாங்க மறுத்தால் அரசு வாங்கட்டும். தலித், பழங்குடித் தொழில்களிடம் 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை சொல்கிறது. அதைப் பள்ளி, ஆஸ்பத்திரி, விடுதி என்று கீழ்வரை இறக்கு. தனியார் துறையில் இடஒதுக்கீடு கொடு.

இதில் ஒன்றையும் செய்யாமல் 'முதலாளி ஆகு' என்று நம் பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பவன் கடையைக் காட்டவில்லை. கடை மூடியதும் 'உனக்குச் சாமர்த்தியம் போதாது' என்று பழிபோட இப்போதே இடம் பிடித்து வைக்கிறான்.