மலடி என்னும் பட்டம்

மணமாகி இரண்டாண்டு கழிந்தும் மகப்பேறு இல்லையெனில், தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் நம்மவர் பலர் பெண்ணுக்கு 'மலடி' என்னும் பட்டத்தை இன்றும் சூட்டிவிடுகின்றனர். பிறகு ஜோசியனுக்குத் தட்சணை, நாகதோஷப் பரிகாரம், மரத்தில் தொட்டில்! நாம் கேட்கிறோம்: ஆடவனின் விந்தை யாராவது சோதித்ததுண்டா?

பிள்ளையில்லாமைக்குரிய பெருங் காரணங்களுள் ஒன்று, மாதந்தோறும் சினைப்பையினின்று கருமுட்டை வெளிப்படாமை. இது தலைவிதியன்று; உடற் கோளாறு. முட்டையை வெளிப்படுத்தும் க்ளோமிஃபீன் மாத்திரைக்கு அமெரிக்க அரசாங்கம் 1967-லேயே அனுமதி தந்தது. மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில், ஐந்து நாள் உட்கொள்ளும் மருந்து அது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுடைய 750 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆராய்ச்சியில், க்ளோமிஃபீன் உண்டோரில் நூற்றுக்கு 19 பேரும், லெட்ரோசோல் உண்டோரில் 27 பேரும் குழந்தை பெற்றனர். எந்தத் தொட்டில் மரம் இப்படிக் கணக்குக் காட்டும்?

எனினும், மருந்தையும் மந்திரமாக்குதல் கூடாது. அண்டை வீட்டார் சொற்கேட்டுத் தாமே வாங்கி விழுங்குவதும் மூடத்தனமே. இரட்டைக் கரு தங்கலாம், சினைப்பை வீங்கலாம். கருக்குழாய் அடைபட்டிருப்பினும், ஆடவனிடம் விந்தணு இல்லாவிடினும், இம்மாத்திரை மட்டும் பயன் தராது.

ஆகையால், தோழர்களே! டாக்டரிடம் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். மனைவி ஒரு மாத்திரை விழுங்குமுன் கணவன் சோதனைக்கு உட்படட்டும். மருந்து பலிக்காவிடினும் அவள் மதிப்பில் அணுவளவும் குறையாது. 'மலடி' என்னுஞ் சொல்லை நம் வீடுகளினின்று அடியோடு ஒழிப்போமாக!