மாத்திரையும் ஓர் அமானிதமே





ஒரு ரமலானுக்குச் சில நாள்கள் முன்பு, குச்சனூர் வட்டாரத்தில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை, தண்ணீர் ஓதி வாங்கிச் செல்ல வந்தார். வயல்வேலைக்குப் போகிறவர், காசநோய்க்கு இரண்டு மாதமாக மாத்திரை உட்கொண்டவர். "இருமல் நின்றுவிட்டது ஹஜ்ரத். உடம்பும் தேறிவிட்டது. நோன்பு வருகிறது, இனி ஓதிய தண்ணீரும் கருஞ்சீரகமும் போதும்" என்றார். நான் ஃபாத்திஹா ஓதி ஊதிக் கொடுத்தேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே அவருக்கு இருமல் திரும்பிவிட்டது. அவருடைய உடலிலுள்ள கிருமி இப்போது ஐசோனியாசிட் என்னும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. வேறு மருந்துகள் சேர்த்துச் சிகிச்சை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட குற்றம் என்னுடையது. ஆகவே இதை எழுதுகிறேன்.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். மருந்து நோய்க்குச் சரியாகப் பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் குணம் கிடைக்கும் என்ற கருத்தை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அந்தப் பொருத்தத்தைத் தேடுவது மனிதனின் கடமை. ஐசோனியாசிட்டின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

அது மிகச் சிறிய மூலக்கூறு. மொத்தம் 17 அணுக்களே அதில் உள்ளன. 1912-ஆம் ஆண்டு பிராக் நகரில் வேதியியலார் இருவர் அதை முதன்முதலில் உருவாக்கினர். அது காசநோயைத் தீர்க்கும் என்பது 1952-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகளாக மருந்து இருந்தது. அதை மருந்தென்று அறிந்தவர் இல்லை! அந்நாற்பது ஆண்டுகளில் எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்திருப்பார்கள்!

அம்மூலக்கூறு செயல்படும் விதம் வியப்புக்குரியது. உடலுக்குள் செல்லும்போது அது கிருமிக்குத் தீங்கற்றதாகவே இருக்கிறது. கிருமிக்குள் நுழைந்ததும், கிருமியின் சொந்த நொதி ஒன்றே அதை நஞ்சாக மாற்றிவிடுகிறது. கிருமியைப் போர்த்தியிருக்கும் மெழுகுச் சுவரைக் கட்டும் வேலை அதனால் நின்றுபோகிறது. சுவர் இல்லாத கிருமி மடிகிறது. சிந்திப்போருக்கு இதிலும் ஓர் அத்தாட்சி உண்டு.

மருந்து கிடைத்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. நம் நாட்டில் நோயாளிகள் ஏராளம். மருத்துவமனைப் படுக்கைகள் சொற்பம். ஏழை தன் வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமாக முடியுமா? இதற்கு விடை சொன்னது நம் சென்னை. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. ஐசோனியாசிட்டையும் பாஸ் என்னும் மருந்தையும் ஓராண்டுக் காலம், ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழைகள். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று கூடவும் இல்லை. இன்று உலகெங்கும் காசநோயாளிகள் தம் குடும்பத்தோடு இருந்தே மருந்து உண்ண வழிவகுத்த ஆய்வு இது.

அந்த ஏழைகள் ஓராண்டு தவறாமல் உண்ட மாத்திரையின் பலன்தான் இன்று நம் கையில் இருக்கிறது. ஆகவே மாத்திரையும் ஓர் அமானிதமே. அதைப் பாதியில் நிறுத்துவது அமானித மோசடி என்றே நான் கருதுகிறேன்.

இது மிகையான சொல் அன்று. இப்போது முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் அரசு இலவசமாகவே தருகிறது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை மற்றொன்று கொல்லும் என்பதே பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் நோக்கம். இரண்டு மாதத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிவதால் இருமல் நிற்கிறது. எஞ்சிய சில கிருமிகளை அழிக்கவே அடுத்த நான்கு மாதம். இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். மருந்துக்கு மசியாதவை அவற்றுள் மேலோங்கக்கூடும். இருமும்போது அந்தக் கிருமி மனைவிக்கும் மக்களுக்கும், பள்ளிவாசலில் நம்மோடு தோளுரசி ஸஃப்பில் நிற்பவருக்கும் செல்லும். பிறருக்குத் தீங்கிழைக்க மார்க்கத்தில் அனுமதி உண்டா?

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. உடல்நிலை இடங்கொடுத்தால் ஸஹர் நேரத்திலோ இஃப்தாருக்குப் பின்னரோ மாத்திரை உண்டு நோன்பு நோற்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளியுங்கள். நாமாக முடிவெடுக்க வேண்டாம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உளர். அது அம்மருந்தின் நிறமே. கண் மஞ்சளானாலோ வாந்தி தொடர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நான் மறுக்கவில்லை. ஓதிப் பார்ப்பதையும் விடச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்ற சமுதாயம் நாம். துஆவைக் காரணம் காட்டி மாத்திரையைக் கைவிடுவது தவக்குல் ஆகாது.

என்னைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கும் இமாம்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் ஓதி வாங்க வருபவரிடம் முதலில், "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேளுங்கள். அதன் பிறகு ஓதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்த மாணவனும் தினமும் காலையில் தன் அத்தாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டே மதரஸாவுக்கு வருகிறான்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை அருள்வானாக! நமது கவனக்குறைவை மன்னிப்பானாக! ஆமீன்.