சுற்றுவழியும் வலமும்

தமிழில் வழிகளுக்கும் ஒழுக்கம் கற்பித்திருக்கிறோம். நேர்வழி என்றால் நேர்மை. குறுக்குவழி என்றால் ஏய்ப்பு. சுற்றுவழிக்கு அந்தப் பழி இல்லை. வீண் அலைச்சல் என்ற ஏளனம் மட்டும் உண்டு. சுற்றி வளைத்துப் பேசுகிறவரிடம் நாம் பொறுமை இழப்பதும் இதனால்தான்.

திருவண்ணாமலையில் இந்த ஏளனம் செல்லுபடியாவதில்லை. பௌர்ணமிதோறும் அங்கே பெருந்திரளான மக்கள் மலையைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்கிறார்கள். அதை யாரும் சுற்றுவழி என்பதில்லை, கிரிவலம் என்கிறார்கள். மலை நம் வலப்பக்கம் இருக்க நடப்பது வலம். அச்சொல்லுக்கு வெற்றி என்ற பொருளும் உண்டு. அதே நாளில், கூட்டத்தின் பொருட்டுத் திருப்பிவிடப்பட்ட பேருந்தில் அமர்ந்திருப்பவருக்கோ அது வெறும் சுற்றுவழிதான்.

இரண்டுமே சுற்றுதான். ஆனால் சுற்றுவழியில் போகவேண்டிய இடம் எங்கோ முன்னால் இருக்கிறது. நடக்கும் தூரம் இடைஞ்சலாகிறது. வலத்தில் நாடி வந்தது நடுவில் இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அது பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றி நிற்பவர்களைச் சுற்றம் என்று அழைத்த மொழிக்கு இது தெரியாததல்ல.

இலக்கிய வாசிப்பிலும் இந்த வேறுபாட்டை நாம் மறக்கிறோம். கதை நேராகச் செல்லவில்லை என்று ஒரு நாவலை எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அது சுற்றுகிறதா என்பதல்ல கேள்வி. நடுவில் மலை இருக்கிறதா என்பதே.